மஞ்சள் கரு தரும் முதல் காவல்

பொரித்து வெளிவரும் கோழிக்குஞ்சின் உடலில், தாய்க்கோழி மஞ்சள் கரு வழியாகக் கொடுத்தனுப்பிய எதிர்ப்புரதங்கள், அதாவது நோய்க்கிருமியை அடையாளம் கண்டு முடக்கும் புரதங்கள், இருப்பதால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. ஆயினும் இந்தத் தாய்வழிச் சீதனமே, வீரியம் குறைக்கப்பட்ட உயிர்க்கிருமிகளைக் கொண்ட தடுப்பு மருந்தையும் முடக்கிவிடக்கூடும் என்பதால், எந்த நாளில் மருந்திடுவது என்பதே பண்ணையாளரின் உண்மையான சிக்கலாகிறது. நரம்புகளைத் தாக்கும் மாரெக் நோய்க்குப் பொரிப்பகத்திலேயே முதல் நாளில் ஊசி போடப்படுகிறது. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கோ முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடப்படும் ஒரு சொட்டு, சுவாசப்பாதையின் உட்பரப்பிலேயே எதிர்ப்பை எழுப்பித் தாய்வழிப் புரதங்களின் குறுக்கீட்டை ஓரளவு தவிர்க்கிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் முதிரும் பர்சா என்னும் உறுப்பையே சிதைக்கும் கம்போரோ நோய்க்குப் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் மருந்து தரப்படுகிறது. நாளைச் சரியாகத் தேர்ந்தாலும், வெயில்பட்ட மருந்தும், குளோரின் கலந்த நீரில் கரைத்த மருந்தும் வீண்.