டிஜிட்டல் கேமராவும் சில சில்லறைச் சாமான்களும்

நம் சங்கத்து விழாக்களில் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு நிற்பவனைக் கண்டால் அன்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், இது என்ன விலை?" என்பதுதான். இரண்டாவது, "பையனுக்கு ஒண்ணு வாங்கணும், எந்த மாடல் வாங்கலாம்?" அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேமரா வாங்கிய பிறகு கூடவே என்னென்ன வேண்டும், எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடவே கூடாது என்பதெல்லாம் பெட்டியில் வரும் கையேட்டில் இருக்காது. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். தெரிந்தது என்பதைவிடப் பட்டுத் தெளிந்தது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

பட்டதில் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011-ல் எங்கள் பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். தில்லியில்தான் நடந்தது. சென்னை, மும்பை, ஜாம்ஷெட்பூர் என்று சிதறிக் கிடந்த குடும்பம் முழுவதும் வந்திருந்தது. போட்டோ என் பொறுப்பு. முதல் நாள் சாயங்காலம் ஒரு கடையில் 32 ஜி.பி. மெமரி கார்டு வாங்கினேன். மற்ற கடைகளில் சொன்ன விலையில் பாதிதான். "ஓரிஜினல் ஹை, சாப்" என்றார் கடைக்காரர். மறுநாள் விடியற்காலை முதல் மத்தியானச் சாப்பாடு வரை 900 படங்களுக்கு மேல் எடுத்தேன். கேமரா ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் சுமார் 650 படங்கள் திறந்தன. மீதி எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. குடும்பம் மொத்தமும் நின்று எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ அந்த மீதியில்தான் இருந்தது. அடுத்த வருஷமே பெரியம்மா போய்விட்டார்.

நடந்தது இதுதான். கார்டுக்குள் உண்மையில் இருந்தது 4 ஜி.பி. அளவுள்ள சிப். அதில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதி, "நான் 32 ஜி.பி." என்று கேமராவிடம் பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒரு படம் 6 எம்.பி. என்றால் 4 ஜி.பி.யில் ஏறக்குறைய 650 படம் பிடிக்கும். கணக்கு சரியாக இருக்கிறதல்லவா? அதற்கு மேல் வந்ததையெல்லாம் கார்டு வாங்கிக்கொண்டதுபோல் பாவனை செய்து எங்கும் எழுதாமல் விட்டுவிட்டது. தவறுதலாக அழித்துவிட்ட படங்களை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அழித்தது தெரிந்த உடனே அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எடுக்காமல் வெளியே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என் படங்கள் அழிந்தவை அல்ல, எழுதப்படாதவை. எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே புதுக் கார்டு வாங்கினால் முதல் வேலை சோதனை. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு ஜெர்மன் மென்பொருள் இருக்கிறது, விண்டோஸில் ஓடும், காசு கிடையாது. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3. இரண்டும் கார்டு முழுவதையும் தகவலால் நிரப்பி, மறுபடி படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். 32 ஜி.பி.க்கு ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகட்டுமே. சோதித்து முடிந்ததும் கேமராவிலேயே ஒரு தடவை ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

கார்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்களில் பெரிதாகக் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். வட்டத்துக்குள் 10 என்றிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 10 எம்.பி.; யூ3 அல்லது வி30 என்றால் 30 எம்.பி. புகைப்படத்துக்கும் சாதாரண வீடியோவுக்கும் வி30 தாராளம். வி90 எல்லாம் தொழிலாக வீடியோ எடுப்பவர்களுக்கு. இன்னொன்று: பரணில் கிடக்கும் 2000-களின் குட்டி டிஜிட்டல் கேமராக்களை இப்போது காலேஜ் பிள்ளைகள் ஆசையாகத் தூசி தட்டி எடுக்கிறார்கள். அவற்றில் புதுக் கார்டைப் போட்டால் படிக்காது. 2006-க்கு முந்திய கேமராக்களுக்குத் தெரிந்தது 2 ஜி.பி. வரையுள்ள பழைய எஸ்.டி. கார்டுதான். 4 முதல் 32 ஜி.பி. வரை எஸ்.டி.ஹெச்.சி., அதற்கு மேல் எஸ்.டி.எக்ஸ்.சி. கேமரா கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். மேலும், 128 ஜி.பி. ஒன்று வாங்குவதைவிட 32 ஜி.பி. இரண்டு வாங்கி, முகூர்த்தம் முடிந்ததும் மாற்றிப் போட்டுவிடுவது என் வழக்கம். ஒன்று காலை வாரினாலும் பாதியாவது மிஞ்சும்.

பேட்டரியில் ஒரிஜினல்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு கம்பெனிகள் செய்வதும் நன்றாகவே வேலை செய்கிறது. பி.ஐ.எஸ். பதிவு முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உப்பிப் போன பேட்டரியை உள்ளே திணிக்காதீர்கள். விமானத்தில் போகும்போது தனியாக இருக்கும் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியோடு உள்ளே அனுப்பினால் எடுத்துவிடுவார்கள். தில்லி ஜனவரிக் குளிரில் பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும். உபரியை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் உயிர் வரும்.

ட்ரைபாட் விஷயத்தில் ஒரேயடியாக மலிவானதை வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம். காற்றடித்தால் ஆடுகிற முக்காலியில் கேமராவை வைப்பதில் என்ன லாபம்? அதற்குப் பதில் வீட்டிலேயே இரண்டு காரியம் செய்யலாம். பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு சிறு தலையணை தைத்து முக்கால் கிலோ துவரம் பருப்போ அரிசியோ போட்டு மூடுங்கள். மாடிக் கைப்பிடிச் சுவர், கார் ஜன்னல், மேடை விளிம்பு எங்கே வைத்தாலும் கேமரா அதில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். பறவை படம் எடுக்கிறவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். (மழைக்காலம் முடிந்ததும் பருப்பை மாற்றிவிடவும், வண்டு வரும்.) இரண்டாவது, ஹார்டுவேர் கடையில் கால் அங்குல போல்ட் ஒன்று, அங்குலத்துக்கு 20 மரை உள்ளது. கேமராக்களின் அடியிலுள்ள துளை அநேகமாக எல்லாவற்றிலும் இந்த அளவுதான். போல்ட்டில் ஆள் உயரக் கயிற்றைக் கட்டிக் கேமராவில் மாட்டி, மறு நுனியைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்துப் பிடியுங்கள். மேலும் கீழுமான நடுக்கம் நன்றாகக் குறையும். போல்ட் நாலைந்து மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். வலுக்கட்டாயமாக முறுக்கினால் கேமராவின் அடி விரிந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். என்னைக் கேட்டால் கார்டுக்கு அடுத்தபடி காசும் கவனமும் போக வேண்டிய இடம் இதுதான். நம் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பாருங்கள். முன்னால் இருப்பவர் முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல், பின்னால் இருப்பவர்கள் கும்மிருட்டில், பட்டுப்புடவைச் சரிகை வெள்ளை வெள்ளையாக. நேருக்கு நேர் ஃப்ளாஷ் அடித்ததன் பலன் இது. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். ஒரு மீட்டரில் நிற்கும் மணப்பெண்ணுக்கு விழுவதில் கால் பங்குதான் இரண்டு மீட்டரில் நிற்கும் மாமியாருக்கு. ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால் கூரையே பெரிய விளக்காகிவிடும். எல்லார் மேலும் ஏறக்குறைய சமமாக விழும். தலை திரும்பக்கூடிய ஃப்ளாஷ், சீனத் தயாரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்கலாம். அதற்கும் வசதியில்லை என்றால் கேமராவோடு சேர்ந்த குட்டி ஃப்ளாஷின் முன்னால் ஒரு வெள்ளை விசிட்டிங் கார்டைச் சாய்வாகப் பிடியுங்கள், கூரைக்குப் போகும். ஐ.எஸ்.ஓ.வைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்பாவின் பழைய ஃபிலிம் காலத்து ஃப்ளாஷை மட்டும் ஆசைப்பட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள். அவற்றில் சிலவற்றின் இணைப்பு முனையில் 100 வோல்ட்டுக்கு மேலேயே மின்சாரம் இருக்கும், கேமராவின் உள்சுற்று எரிந்துவிடும்.

பகலில் ஃப்ளாஷே வேண்டாம். ஜன்னலோரம் ஆளை உட்கார வைத்து, இருட்டாக இருக்கும் கன்னத்துப் பக்கம் ஒரு தெர்மோகோல் தட்டை நிறுத்தினால் போதும். ஸ்டேஷனரிக் கடையில் மிகச் சொற்ப விலை. இதைக் கேலியாக நினைக்க வேண்டாம். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திரும்ப விழ வைத்தார். நிஜ முற்றத்தில் விழும் பகல் வெளிச்சம் மாதிரியே இருக்கும். துணியும் தெர்மோகோலும் செய்வது ஒரே வேலை.

லென்ஸ் என்று எடுத்தால், அரங்கேற்றம், பிறந்தநாள் எடுக்கிறவர்களுக்கு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஒன்று போதும். எல்லாக் கம்பெனியிலும் மலிவான லென்ஸ்களில் இதுவும் ஒன்று, செகண்ட்ஹாண்டிலும் நிறையக் கிடைக்கிறது. கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ் நீட்டிய நிலையில் எஃப் 5.6 என்றால், இது ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மேடை விளக்கிலேயே ஆடுகிற குழந்தையின் கை அசையாமல் பதியும்.

கடையில் கூடவே கட்டாயப்படுத்தித் தலையில் கட்டுவது யு.வி. ஃபில்டர். ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது; டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே தடுப்புக் கண்ணாடி இருக்கிறது. தூசி, கீறலுக்குக் காப்பு என்பது மட்டும் நிஜம். ஆனால் மலிவான ஃபில்டரை மாட்டிக்கொண்டு தீபாராதனையைப் படமெடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு சுடருக்கும் தலைகீழாக ஒரு ஆவிச்சுடர் பக்கத்தில் மிதக்கும். அந்தக் காசுக்கு லென்ஸ் ஹூட் வாங்கிவிடலாம்.

தில்லி மே மாதத்தில் தூசிக்காற்று, ஆடி ஆவணியில் புழுக்கம். தூசியை ரப்பர் ஊதுகுழலால் ஊதிவிடலாம், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். புழுக்கம்தான் எமன். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி தெரியும். தோல் பையில் மூடி பீரோவில் வைப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு, தோலே ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும். சமையலறையில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா இருக்கிறதே, அதில் பெரியதாக ஒன்று, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று. 40-லிருந்து 50-க்குள் முள் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறிவிட்டால் பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி உயிர் வந்துவிடும். ஆரஞ்சு நிற ஜெல்லைக் கேளுங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது; அந்த வாணலி திரும்ப அடுப்பங்கரைக்குப் போகவே கூடாது.

வாங்குவதற்குச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரியை விட்டால் வேறு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பில் கேளுங்கள். பில் இல்லாமல் பாதி விலை என்றால் என் 2011 கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சாமான்களை எல்லாம் வைத்து நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றுண்டு. அந்த எண்பதாம் கல்யாணத்துக் குரூப் போட்டோ போனதில் மனசு ஆறாமல், இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று குடும்பத்துப் பழைய ஆல்பங்களைப் படமெடுக்க ஆரம்பித்தேன். மேஜை மேல் கேமராவை லென்ஸ் கீழே பார்க்கிறாற்போல் பொருத்தி, படத்தின் இரண்டு பக்கத்திலும் 45 டிகிரி சாய்வில் ஒரே மாதிரி எல்.இ.டி. விளக்கு இரண்டு. கேமரா நேராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, படம் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியைப் படுக்க வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்ட நடுவில் தெரிந்தால் கோணல் இல்லை. லென்ஸைச் சுற்றி ஓட்டை போட்ட கறுப்புச் சார்ட் தாளை மாட்டினால் பளபளப்புப் படங்களில் கேமராவின் நிழல் தெரியாது. இரண்டு விநாடி டைமர் வைத்துக்கொண்டால் கை படாது. 1980-களின் பசை ஆல்பங்களிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள், மேல் பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கி அப்படியே எடுங்கள். ஒழுங்கு பண்ணிவிட்டால் ஒரு மணி நேரத்தில் நூறு படம் ஓடும்.

கழற்ற முடிகிற படங்களுக்குப் பின்பக்கத்தையும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். கரோல் பாக் வீட்டு மொட்டை மாடியில் எட்டுப் பேர் நிற்கும் ஒரு படத்தின் பின்னால் பெரியப்பா பென்சிலில் எட்டு பேரையும் இடமிருந்து வலமாக எழுதி வைத்திருக்கிறார். அதில் மூன்று பேர் யாரென்று இப்போது சொல்ல எங்கள் வீட்டில் யாருமில்லை. பெயர் இருக்கிறது. பென்சில் மங்கிக்கொண்டு வந்ததால், விளக்கை ஒரு பக்கம் மட்டும் தாழ்வாக வைத்து அதை மறுபடி எடுத்தேன். எழுத்தின் பள்ளம் நன்றாகவே விழுந்தது.