சுவரில் மாட்டிய பெட்டிக்குச் சாவி யாரிடம்?

தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதிக்குள் நுழைகிற சுற்றுப்பயணி முதலில் கேட்பது வெந்நீர் வருமா என்றல்ல, வைஃபை இருக்கிறதா என்றுதான். அந்த வைஃபையைத் தருகிற ரௌட்டர் பெட்டி, வரவேற்பு மேசைக்குப் பின்னால் தூசி படிந்து, பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு தொங்கும். தேயிலைத் தோட்ட அலுவலகத்திலும் கிராணியின் தலைக்கு மேலே இப்படியொரு பெட்டி இருக்கும். மின்சாரம் போனால் கணினிகளைத் தாங்கிப் பிடிக்கும் யுபிஎஸ் கருவியும் இப்போது வலைக்குள் வந்துவிட்டது. அதில் ஒரு மேலாண்மை அட்டையைச் செருகினால், பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று கோலாலம்பூரில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வேண்டுமானால் கருவியை அணைக்கவும் செய்யலாம். அணைக்கிறவர் யார் என்பதில்தான் நம் கவலை.

இந்தப் பெட்டிகளுக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று, விருந்தினருக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் வைஃபை கடவுச்சொல். மற்றொன்று, பெட்டியின் அமைப்புகளையே மாற்றும் நிர்வாகக் கடவுச்சொல். முதலாவதை மாதம் ஒருமுறை மாற்றுகிற விடுதிக்காரர்கூட, இரண்டாவது ஒன்று இருப்பதையே அறிந்திருக்கமாட்டார். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பயனர் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்று இருந்த பெட்டிகள் ஏராளம். பெட்டியை வாங்கியவருக்கு அது தெரியாவிட்டாலும் கள்வனுக்குத் தெரியும்.

2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகைச் சுற்றி வந்தது. அதன் கையில் இருந்தது பெரிய வித்தை எதுவுமில்லை. அறுபதுக்குச் சற்று அதிகமான தொழிற்சாலைப் பெயர், கடவுச்சொல் சோடிகளின் பட்டியல்தான். அதை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி டைன் என்ற நிறுவனத்தின் மீது அந்தப் பெட்டிகள் ஏவப்பட, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. நமக்கு இன்னும் நெருக்கமான கதை 2017 ஜூலையில் நடந்தது. தமிழகத்தில் நம் உறவினர்கள் வீடுகளிலும் இருக்கும் பிஎஸ்என்எல் இணைப்பின் மோடம்கள் இந்தியாவில் பல இடங்களில் தாக்கப்பட்டன. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட மோடம்கள் வழியேதான் தீநிரல் புகுந்தது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களை நிறுவனமே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே புதுப் பெட்டியை இணையத்தில் இணைக்கும் முன்பே அட்மின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பிறகு, பெட்டி இடம் தருமானால், ஆளுக்கொரு கணக்கு. அமைப்பை மாற்றுகிற தொழில்நுட்பருக்கு முழு உரிமை. பேட்டரி அளவை மட்டும் பார்க்கிற கிராணிக்குப் பார்வை உரிமை போதும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், வேலையைவிட்டுப் போனவரின் கையிலும் அது போய்விடுகிறது. வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதி தேவையில்லையென்றால் மூடிவிட வேண்டும். முழு உரிமைக் கடவுச்சொல் முதலாளியின் பெட்டகத்தில் ஒரு உறையில் இருக்கட்டும். ஈப்போவிலிருந்து மலையேறி வருகிற ஒருவருக்கு மட்டுமே அது தெரியும் என்ற நிலை நல்லதல்ல. மறந்துபோனால், பின்பக்கத்துச் சிறு துளையில் ஊசியால் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் அல்லவா? அப்போது தொழிற்சாலைக் கடவுச்சொல்லும் திரும்பி வந்துவிடுகிறது. பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்!

அடுத்தது ஃபர்ம்வேர். பெட்டிக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் மென்பொருள் இது. நிலைபொருள் என்று தமிழில் சொல்கிறார்கள். 2018 ஏப்ரலில் லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் ரௌட்டர்களில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. நிறுவனம் அதே மாதம் திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. ஆகஸ்டில் பார்த்தால், பிரேசிலில் தொடங்கி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளுக்குள் ஆட்கள் புகுந்திருந்தார்கள். அவற்றின் வழியே இணையம் பார்த்தவர்களின் கணினிகள் யாரோ ஒருவனுக்காக மின்னியல் நாணயம் தோண்டிக்கொண்டிருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை. மருந்து கடையில் இருந்தது, வாங்கிச் சாப்பிடத்தான் ஆளில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஓட்டை வழியே பெட்டியின் கடவுச்சொல்லையே எடுத்துவிடலாம். எனவே ஃபர்ம்வேரை மட்டும் புதுப்பித்தால் ஓட்டை அடைபடும், திருட்டுச் சாவி வெளியிலேயே இருக்கும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் புதியதும் அதே ஓட்டை வழியே போகும். ஓட்டையோடு ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டியில் முதலில் புதுப்பிப்பு, உடனே புதுக் கடவுச்சொல். புதுப் பெட்டிக்குச் சொன்ன வரிசை இங்கே தலைகீழாகிறது.

புதுப்பிக்கும் வேலையில் பயப்பட வேண்டியது மின்வெட்டுக்குத்தான். பாதியில் கரண்டு போனால் சில பெட்டிகள் மீண்டும் எழுவதேயில்லை. பிற்பகலில் இடியும் மழையும் கூடிவரும் நம் மலையில் இதைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. பெட்டியை யுபிஎஸ்ஸில் செருகி, வைஃபை வழியாக அல்லாமல் வயர் மாட்டிச் செய்ய வேண்டும். அதற்கு முன் இருக்கும் அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டிய மாதிரி எண்ணோடு கோப்பு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளரின் தளத்தைத் தவிர வேறெங்கும் இறக்கிக்கொள்ள வேண்டாம்.

யுபிஎஸ்தானே, அதில் என்ன திருடுவார்கள் என்று கேட்கலாம். 2022 மார்ச்சில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஏபிசி ஸ்மார்ட் யுபிஎஸ் வகைகள் சிலவற்றில் குறைகள் கண்டது. வருகிற ஃபர்ம்வேர் உண்மையில் தயாரிப்பாளர் தந்ததுதானா என்று அவை சரிவரச் சோதிக்கவில்லை. அதே மாத இறுதியில், மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் வழியே யுபிஎஸ் கருவிகளுக்குள் ஆட்கள் நுழைகிறார்கள் என்று அமெரிக்க அரசே எச்சரித்தது. திருடுவதற்கு அதில் ஒன்றுமில்லைதான். ஆனால் அதை அணைத்தால் அலுவலகம் முழுதும் இருண்டுவிடும்.

பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு விற்பதைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. அதற்கு முன்பே சுவரேறிய பெட்டிகளுக்கு அந்தச் சட்டம் உதவாது. உங்கள் பெட்டியில் யாரோ புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடம் புகார் தரலாம். தயாரிப்பாளர் திருத்தம் தருவதை நிறுத்திவிட்ட பழைய பெட்டியாக இருந்தால், விளக்கு இன்னும் பச்சையாக எரிந்தாலும் கழற்றிவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.