சியால்டாவில் ரயிலேறி நூறு மைல் ஓட்டம்!

ஓட்டம் என்றால் கல்கத்தா தமிழர்களுக்கு முதலில் நினைவு வருவது, ஆபீஸ் நேரத்தில் டல்ஹௌசி மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஓட்டந்தான். அதை விட்டால், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருப்பவர்கள் விடியற்காலையில் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி ஓடுவதைச் சொல்லலாம். டாக்டர் சொன்னதற்காக ஓடுபவர்கள் பாதி. தொந்திக்குப் பயந்து ஓடுபவர்கள் மீதி!

ஆனால் இதே மேற்கு வங்காளத்தின் வடகோடியில், டார்ஜிலிங் மாவட்டத்து மலைகளில், நூறு மைல் தூரத்தை, அதாவது 160 கிலோமீட்டரை, ஐந்தே நாளில் ஓடிக் கடக்கும் பந்தயம் ஒன்று 1991-ல் ஆரம்பமாயிற்று. மானேபஞ்சங் என்ற எல்லையோரச் சிற்றூரில் புறப்பட்டு, மாநிலத்திலேயே உயர்ந்த இடமான சந்தக்பூ சிகரத்துக்கு ஏறி, ரிம்பிக் வழியாகத் திரும்ப வேண்டும். முதல் நாள் 24 மைல், மறுநாள் 20, மூன்றாம் நாள் முழு மாரத்தான் தூரமான 26 மைல், பிறகு 13, கடைசியில் 17. உள்நாட்டுக்காரர்களை விட வெளிநாட்டுக்காரர்களே இந்தப் பந்தயத்தை நன்றாக அறிவார்கள் என்பது வேடிக்கை.

கொடுத்ததைப் பிடுங்கும் மலை

சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர், ஏறத்தாழ 12,000 அடி. அங்கே நின்று பார்த்தால் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கு பெரும் சிகரங்களும் தெரியும். ஆனால் முதல் நாள் மாலை மேலே வந்து சேருகிறவருக்கு அவற்றைப் பார்க்கும் தெம்பு இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் அந்த வழி அப்படி. மானேபஞ்சங்கிலிருந்து மூச்சு வாங்க ஏறி, டோங்லு அருகே 10,000 அடியைத் தொட்டதும், "அப்பாடா" என்று நினைக்கும்போது பாதை கீழே இறங்கத் தொடங்குகிறது. கைரிபாஸ் வரும்போது சுமார் 1,500 அடியை இழந்தாயிற்று. இழந்ததையெல்லாம் மறுபடி ஏற வேண்டும். காளிபோக்ரியைத் தாண்டிய பிறகு வரும் கடைசி ஏற்றம் எல்லாவற்றிலும் செங்குத்து. எரிமேலியிலிருந்து பெருவழியாகச் சபரிமலை போனவர்களுக்கு இந்த வேதனை புரியும். அழுதை மலை இறங்கினால் எதிரே கரிமலை நிற்குமே, அதே கதைதான். கால் வலிப்பதை விட, சேர்த்த பணம் கைவிட்டுப் போனது போன்ற அந்த மனச்சோர்வுதான் பலரை உட்கார வைக்கிறது.

மனம் களைத்தால் கால் ஓடாது என்பது வெறும் பேச்சல்ல. 2009-ல் பிரிட்டனில் 16 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு நாள் அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் கவனத்தைப் பிழியும் கம்ப்யூட்டர் வேலையைக் கொடுத்துவிட்டு, நிறுத்தி வைத்த சைக்கிளை மிதிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள் சும்மா படம் பார்க்க விட்டு மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த அன்று சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், மூளை களைத்த அன்று 640 விநாடியிலேயே கைவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் இரண்டு நாளும் ஒரே மாதிரி வேலை செய்தன. சிரமமாகத் தோன்றியதுதான் அதிகம். நாளெல்லாம் லெட்ஜரோடு மல்லாடிவிட்டு மாலையில் ஏரிக்கரைக்கு ஓடப் போகும் குமாஸ்தாவுக்கு, கால் ஏன் எழும்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது!

காற்றுப் பஞ்சம்

கல்கத்தாக்காரருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கடல் மட்டத்துக்கு முப்பது அடி உயரத்தில் வாழ்கிறவர், இரவு சியால்டாவில் டார்ஜிலிங் மெயில் ஏறினால் காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து மோட்டாரில் மலை. சந்தக்பூவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கல்கத்தாவில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உடம்பு முறையிடும். மீறி மேலே போனால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. 10,000 அடிக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை இரவுக்கு 1,600 அடிக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. ஓட வேண்டாம், ஜீப்பில் போனாலும் கணக்கு அதுதான். 2024 இறுதியில் கல்கத்தாவிலிருந்து சந்தக்பூ பக்கம் சுற்றுலா போன சிலர் அங்கே உயிரிழந்தார்கள். எனவே ஓடப் போகிறவர் சில நாள் முன்னதாகவே டார்ஜிலிங் போய் உடம்பைப் பழக்கிக்கொள்வது நல்லது. லீவு கிடைக்குமா என்பது மேலதிகாரியைப் பொறுத்தது.

குளிரும் சாமான்யமல்ல. சீனாவில் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் புறப்பட்டார்கள். நடுவழியில் ஆலங்கட்டி மழையும் பேய்க்காற்றும் பிடித்துக்கொண்டன. அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக ஓடியவர்களில் 21 பேர் குளிரில் விறைத்து மாண்டார்கள். அவர்களில் அந்நாட்டின் பெயர் பெற்ற ஓட்டக்காரரும் ஒருவர். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தாம் ஒதுங்கியிருந்த குகைக்குள் சேர்த்து, தீ மூட்டி, ஆறு பேரைக் காப்பாற்றினார். சரியான நேரத்தில் திரும்பி இறங்கியவர்களும் பிழைத்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி செய்து, பணம் கட்டி, ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவனுக்கு அப்படித் திரும்புவது லேசான காரியமா?

ஏற்றத்தில் கெட்டிக்காரர்களும் ஓடுவதில்லை, விறுவிறுவென்று நடக்கிறார்கள். சமதளத்திலும் இறக்கத்திலுந்தான் ஓட்டம். அந்த இறக்கந்தான் தொடையைப் பதம் பார்ப்பது. ஒவ்வோர் அடியிலும் உடல் பாரத்தைத் தடுத்து நிறுத்தும் தொடைத் தசை, நீண்டுகொண்டே இறுக வேண்டியிருப்பதால் நுண்ணிய கிழிசல் காண்கிறது. வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும்தான். மூன்றாம் நாள் ரிம்பிக்குக்கு 4,000 அடி இறங்கியவர், நான்காம் நாள் காலை பூட்ஸ் கயிறு கட்டக் குனியும்போது அதை அறிவார்.

மேடு என்பதே இல்லாத கல்கத்தாவில் இதற்கெல்லாம் எங்கே பழகுவது? மாடிப்படிதான். லிப்ட் உள்ள கட்டடத்தில் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி இறங்குகிறவரைப் பார்த்தால் காவல்காரர் சந்தேகப்படுவார், படட்டும். பந்தயம் முடித்து வந்து, திங்கட்கிழமை ஆபீஸ் படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொன்றாக அவர் இறங்கும்போதும் பார்க்கத்தான் போகிறார்.