சேர்த்தலும் ஏற்றலும்

இடாப்பிலே ஒரு பிள்ளையின் பெயரைச் சேர்த்தல் எளிது. வகுப்பிலே அப்பிள்ளைக்கு இடமளித்தல் அரிது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை ஓட்டிசம் உடைய பிள்ளைகளிடத்தே நன்கு புலப்படும்.

ஓட்டிசம் என்பது ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. அமெரிக்காவிலே பால்ற்றிமோர் நகரில் மருத்துவராயிருந்த லியோ கனர் என்பார், 11 பிள்ளைகளை ஆராய்ந்து 1943ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை இந்நிலையைப் பலரறியச் செய்தது. இது மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. இத்தகைய பிள்ளைகளுக்குப் பிறர் முகக்குறிப்பை உணர்தல் கடினமாகலாம். வழமை மாறுதல் அச்சந் தரலாம். பாடசாலை மணியோசையே நோவாகலாம். தாயின் அன்பின்மையே காரணம் என முன்னர்ச் சிலர் பழித்தனர். இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி 1977இல் வெளிவந்த ஆராய்ச்சி, பரம்பரையின் பங்கினைக் காட்டி அப்பழியை வலியிழக்கச் செய்தது.

கனர் முதலாவதாக விவரித்த சிறுவன் டொனால்ட். பெற்றோர் அவனை 1942இல் ஓர் உழவர் தம்பதியரின் பண்ணையிலே விட்டனர். அவன் எதனையும் அளந்து பார்க்கும் வேட்கையுடையவன். கிணறொன்றைத் தோண்டி அதன் ஆழத்தைச் சொல்லுமாறு அவர்கள் பணித்தனர். சோள நிரைகளை ஓயாது எண்ணினான். உழுதுகொண்டே எண்ணுமாறு செய்தனர். அங்கிருந்த நாட்டுப்புறப் பாடசாலையும் அவனது தனிப்போக்கினை ஏற்றுக்கொண்டது. அவன் கல்வியில் முன்னேறினான். பிற்காலத்தில் பட்டம் பெற்று, வங்கியிலே பணிபுரிந்து, 2023இல் தமது 89ஆவது வயதிற் காலமானார்.

எல்லாப் பிள்ளைகளும் பட்டம் பெறுவர் என்பது இதன் கருத்தன்று. சிலர் வாய்மொழியின்றியே வாழ்வர். திறமையை விலையாகக் கேட்டு அளிக்கும் இடம் உரிமையாகாது. 1994இல் ஸ்பெயின் நாட்டுச் சலமன்கா நகரிற் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள், பாடசாலைகளே பிள்ளைகளின் தேவைக்கு ஏற்பத் தம்மை அமைத்தல் வேண்டும் எனப் பிரகடனஞ் செய்தனர்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமென்பதில்லை. அன்றைய நேரவொழுங்கினைக் காலையிலேயே கரும்பலகையில் எழுதலாம். மாற்றம் உண்டாயின் முன்னரே அறிவிக்கலாம். ஏவலை ஒவ்வொன்றாகச் சுருங்கக் கூறி, விடைக்குப் பொறுத்திருக்கலாம். ஆரவாரந் தாங்காத பிள்ளைக்கு அமைதியான ஒரு மூலையை ஒதுக்கலாம். கண்ணை நோக்கிப் பேசாமையை அவமதிப்பெனக் கொள்ளாது விடலாம். உடன்கற்கும் மாணவர் நகையாடாது நட்புக் கொள்ளப் பழக்கலாம்.

பின்வாங்கிலே தனித்திருத்தி, தொல்லை தராதவரை போதுமென விட்டுவிடுதல் சேர்த்தலேயாம், ஏற்றல் ஆகாது. அப்பிள்ளை வாராத நாளில் வகுப்பு அவ்வெறுமையை உணருமாயின், அன்றே ஏற்றல் நிகழ்ந்ததெனக் கொள்க.