கைத்தொலைபேசிக்குச் சொல் கற்பித்தல்

ஹந்தானை மலைச்சாரலிலே தேயிலைத் தோட்டமொன்றில் வாழும் தாயொருத்தி, கண்டி நகரிலே பயிலும் தன் மகளின் வகுப்பாசிரியருக்குக் கைத்தொலைபேசி வாயிலாகச் செய்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். ‘காலையில் பிரட்டு முடிந்த பின்னரே பாடசாலைக்கு வர இயலும்’ என்பது அவள் சொல்ல விரும்பியது. தோட்டத் தொழிலாளர் விடியற்காலையில் ஒன்றுகூடிப் பெயர் கொடுத்து, அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் நிகழ்ச்சிக்குப் பிரட்டு என்று பெயர். ஆசிரியரின் கைக்கு வந்து சேர்ந்த செய்தியிலோ ‘புரட்டு முடிந்த பின்னரே’ என்றிருக்கிறது. புரட்டு என்பது பொய்யும் வஞ்சகமும் அன்றோ? தாய் பிழையாக எழுதவில்லை. அவள் சரியாக எழுதியதைப் பிழையென்று எண்ணிய கருவியே அதனைத் ‘திருத்தி’ விட்டது.

இது நேர்வது எவ்வாறு? கைத்தொலைபேசியின் விசைப்பலகைக்குள்ளே ஒரு சொற்பட்டியல் உண்டு. விரல் தொட்டெழுதும் ஒவ்வொரு சொல்லையும் கருவி அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சொல் அங்கே இல்லையெனில், அதற்கு மிக நெருங்கிய வேறொரு சொல்லைத் தேடுகிறது. எழுத்துப் பிழைகளுள் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை, ஓரெழுத்து மிகுதல், ஓரெழுத்துக் குறைதல், ஓரெழுத்து வேறாதல், அடுத்துள்ள இரண்டெழுத்து இடம்மாறுதல் என்னும் நால்வகையுள் அடங்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் பிரெடெரிக் டமரோ 1964ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டிலே சோவியத் அறிஞர் விளாடிமிர் லெவென்ஷ்டெயின், இரண்டு சொற்களுக்கு இடையேயுள்ள தூரத்தை இத்தகைய மாற்றங்களின் எண்ணிக்கையால் அளக்கும் முறையொன்றை வகுத்தார். பிரட்டுக்கும் புரட்டுக்கும் இடையே உள்ளது ஒரே மாற்றம். இகரக் குறி உகரக் குறியாயிற்று. இவற்றோடு, எச்சொல் மிகுதியாக வழங்குகிறது, முன்னே நின்ற சொல்லுக்குப் பின் எது வரக்கூடும் என்பவற்றையும் கருவி கணக்கிடுகிறது. அது பொருளை உணர்வதில்லை; நிகழக்கூடியது எதுவென்று எண்ணிப் பார்க்கிறது. அவ்வளவே.

ஆதலின், பட்டியலிலே எச்சொற்கள் இடம்பெற்றன என்பதே முதன்மையான வினா. ஆங்கிலத்திலும் இக்குறை நேர்ந்ததுண்டு. பழைய சொற்பிழை திருத்தி ஒன்றின் பட்டியலில், ஒத்துழைப்பு எனப் பொருள்படும் ‘கோஆபரேஷன்’ என்ற சொல் இடைக்கோடு இட்ட வடிவில் மட்டுமே இருந்தது. இடைக்கோடின்றி எழுதியோருக்கு அக்கருவி ‘கூப்பர்ட்டினோ’ என்னும் கலிபோர்னிய நகரின் பெயரை எடுத்து நீட்டியது. ஐக்கிய நாடுகள் சபை முதலிய பெரு நிறுவனங்களின் ஆவணங்களிலேகூட அப்பெயர் புகுந்துவிட்டது. உலகமெங்கும் வழங்கும் மொழிக்கே இந்நிலையென்றால், மலையகத்துத் தமிழுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கோப்பிக் காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதிலிருந்து தொடர்ந்த தேயிலைக் காலத்திலும் வேரூன்றிய சொற்கள் இங்கே பல. பிரட்டும் கவ்வாத்தும் லயமும் அவற்றுட் சில. அவை அச்சிலும் கணினியிலும் ஏறியது குறைவு. எழுதப்படாத சொல்லைக் கருவி அறிய வழியில்லை.

எனினும், அறியாததைக் கற்பிக்கலாம். அன்ட்ரொய்ட் வகைத் தொலைபேசிகளிலே கூகிளின் விசைப்பலகையைப் பயன்படுத்துவோர், அதன் அமைப்புகளுள் ‘அகராதி’ என்னும் பகுதியைத் திறந்து, ‘தனிப்பட்ட அகராதி’யில் தமிழைத் தெரிந்தெடுத்து, கூட்டற்குறியைத் தொட்டு வேண்டிய சொல்லை எழுதிவிடலாம். ஐபோனில், அமைப்புகளுள் பொதுப் பகுதியிலே விசைப்பலகையைத் திறந்தால், உரை மாற்றீட்டுக்கு இடமுண்டு; அங்கே சொல்லைச் சேர்க்கலாம். எழுதும்போதே விசைப்பலகையின் மேல் வரிசையில் தாம் எழுதிய சொல் தோன்றுமாயின், அதனைத் தொட்டு ஏற்பதும் ஒருவகைக் கற்பித்தலே.

தமிழுக்கு இன்னுமொரு கவனம் வேண்டும். நம் மொழியிலே சொல் தனியே நிற்பதில்லை. உருபும் சாரியையும் ஏற்று உருமாறுகிறது. ‘பிரட்டு’ என்று மட்டும் கற்பித்தால், ‘பிரட்டுக்கு’, ‘பிரட்டில்’, ‘பிரட்டுக்களம்’ என்பவற்றைக் கருவி மீண்டும் அயற்சொற்களாகவே கருதக்கூடும். ஆகவே அடிக்கடி வழங்கும் வடிவங்கள் ஒவ்வொன்றையும் சேர்த்தல் நன்று.

சொல்லினும் முக்கியமானது பெயர். பிறப்புப் பத்திரத்திலே ‘லெட்சுமி’ என்றிருக்கும் சிறுமியின் பெயர், விண்ணப்பத்திலே ‘லட்சுமி’ என்று திருத்தப்பட்டால், அவ்விருவரும் ஒருவரே என்று நிறுவும் பொறுப்பு அக்குடும்பத்தின் தலைமேல் விழுகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகி, எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கும்வரை பத்திரங்களை ஏந்திக் காரியாலயங்களின் படியேறிய மக்களுக்கு, ஓரெழுத்தின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனவே வீட்டிலுள்ளோர் பெயர்களையும், தோட்டத்தின் பெயரையும், ஊரின் பெயரையும் பத்திரத்தில் உள்ளவாறே முதலிற் கற்பித்துவிடுதல் வேண்டும்.

கற்பிப்போர் மறவாதிருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கருவி நல்லதையும் தீயதையும் ஒருங்கே கற்கும். பிழையான வடிவத்தைச் சேர்த்துவிட்டால் அதனையே திரும்பத் திரும்ப நீட்டும். அவ்வாறாயின், அகராதியைத் திறந்து அப்பிழையை நீக்கிவிடல் வேண்டும். மற்றொன்று, ஒரு தொலைபேசியிலே சேர்த்த சொற்கள் அதனோடு தொலைந்துபோகவுங் கூடும். ஆதலால் அவற்றை ஓர் ஏட்டிலும் எழுதி வைத்தல் அறிவுடைமை. ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர் தத்தம் வீட்டுச் சொற்களைக் கொணர்ந்து இத்தகைய ஏடொன்றை ஆக்குவாராயின், அது மொழிப்பாடமும் ஆகும். ஊர் வரலாறும் ஆகும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அறிஞர் பலர் கூடி ஆக்கிய அப்பெருநூலுக்கும் விடுபட்டவற்றைச் சேர்க்க 1939இல் ஓர் அநுபந்தம் வேண்டியிருந்தது. தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) செய்ததும் விடுபட்டவற்றைச் சேர்க்கும் பணியே. முற்றுப்பெற்ற அகராதி என்று ஒன்றில்லை. அதற்கு அநுபந்தம் எழுதும் வாய்ப்பு இன்று ஹந்தானைத் தாயின் உள்ளங்கையிலேயே இருக்கிறது. அவள் ‘பிரட்டு’ என்னும் சொல்லை ஒருமுறை கற்பித்துவிட்டால், மறுநாள் அவள் எழுதும் செய்தி அவள் எழுதியவாறே ஆசிரியரைச் சென்றடையும்.