மன்னார்ப் பாலத்தில் பூநாரை பார்த்தோம்

மன்னார்ப் பாலத்தைப் பஸ்ஸில் கடக்கும்போது நான் கண்களை மூடிக்கொள்வது வழக்கம். 1990இல் பழைய பாலம் தகர்க்கப்பட்ட பின்னர், தீவுக்குப் போய்வரப் பட்ட பாடெல்லாம் நினைவில் வரும். புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. ஆயினும் அதன் இருமருங்கிலும் என்ன இருக்கிறதென்று கடந்த பங்குனியில்தான் பார்த்தேன்.

எங்கள் மாதர் சங்கத்தில் ஏழு பேர் சேர்ந்து போனோம். "இந்த வயதில் கொக்குப் பார்க்கப் போறீங்களோ?" என்று வீட்டில் சிரித்தார்கள். இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்று, ரொட்டி, சம்பல், தண்ணீர்ப் போத்தல்கள். விடியும்போதே ஆழமற்ற கடலோரம் நின்றோம்.

தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலப் பூநாரைகள் நின்றன. அவை தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக்கி, சேற்றுநீரிலிருந்து சிறு இறால் வகைகளையும் பாசியையும் வடித்து உண்கின்றன. உண்ணும் உணவிலிருந்தே அந்த நிறம் கிடைக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. மாரியில் ஊசிவால் வாத்துகளும் வடநாடுகளிலிருந்து இங்கு வருகின்றன. இதனாலேயே அருகிலுள்ள வங்காலைப் பகுதி 2008இல் சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் ரம்சார் ஈரநிலமாகவும் அங்கீகரிக்கப்பட்டது.

பின்னர் உவர்நிலத்தின் ஓரமாக நடந்தோம். திடீரென ஒரு சின்னஞ்சிறு பறவை எங்கள் முன்னால் இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. அது அனுமான் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இப்பறவை 2023இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. வெறும் நிலத்தில்தான் முட்டையிடும். முட்டைகள் மண்ணின் நிறத்திலேயே இருக்கும். யாராவது நெருங்கினால், காயப்பட்டதுபோல் நடித்து அவர்களை வேறு பக்கம் இழுத்துச் செல்லும்.

எங்களில் ஒருவருக்குக் காலில் ஷெல் காயம் உண்டு. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது நடிக்குது அக்கா. நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உண்மையாவே நொண்டினனான்" என்றார்.

நாங்கள் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தில் அவரே, "வாங்கோ, அது கூட்டுக்குப் போகட்டும்" என்று எங்களைச் சுற்றுப்பாதையால் அழைத்துச் சென்றார்.

சகோதரிகளே, நீங்களும் பிள்ளைகளுடன் ஒருமுறை போய்ப் பாருங்கள். பூநாரைகளைக் காண மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். அதிகாலையில் செல்லுங்கள். கூட்டத்தை நெருங்காதீர்கள், கலைந்து பறந்தால் அவற்றின் உணவு நேரம் வீணாகும். நாய்களைக் கூட்டிச் செல்லாதீர்கள். பொலித்தீன் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மக்கள் நடமாடும் பாதையை விட்டு விலகாதீர்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ இனந்தெரியாத இரும்புப் பொருளோ கண்டால் தொடாமல் திரும்பிவிடுங்கள்.

அன்று வீடு திரும்பும்போது, பஸ்ஸில் யன்னலோர ஆசனத்தைக் கேட்டு வாங்கி அமர்ந்தேன்.