வீடே பணியிடம்: பீடி சுற்றும் தாய்மார்களின் உடல்நலம்

தென்காசி, கடையநல்லூர், பொட்டல்புதூர் வட்டாரத்தில் மடியில் தட்டு வைத்து பீடி சுற்றும் நம் சகோதரிகளைப் பல தெருக்களில் காணலாம். பிள்ளைகளின் படிப்பு முதல் குமர் காரியம் வரை இந்த உழைப்பால் நடந்த குடும்பங்கள் ஏராளம். ஆனால் மருத்துவமனையில் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றே பலரும் சொல்கிறார்கள்.

இந்த பதிலால் நோயின் காரணம் மறைந்துவிடுகிறது. நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு வலியுறுத்தியவர் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி. 1700-ல் தொழிலாளர் நோய்கள் பற்றி அவர் எழுதிய நூலில், புகையிலை வேலை செய்வோருக்கு வரும் தலைவலியும் குமட்டலும்கூட இடம்பெற்றுள்ளன.

புகையிலைத் தூள் மூச்சில் கலக்கிறது. அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவும் உடலில் சேர்கிறது. மணிக்கணக்கில் குனிந்து உட்கார்வதால் கழுத்தும் இடுப்பும் வலிக்கின்றன. குற்றாலச் சீசனில் சாரலுக்காக சன்னலைச் சாத்திவிட்டால் தூள் வீட்டுக்குள்ளேயே தங்கும். அதே அறையில்தான் குழந்தையும் உறங்குகிறது.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். 2024-ல் இது தொழிற்சாலைகளுக்கும் விரிந்தது. ஆனால் பீடித் தொழிலில் வீடுதானே தொழிற்சாலை! வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளரே என்று 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமே ஏற்றுக்கொண்டது. ஆகவே வீட்டுக்கு வரும் தன்னார்வலருக்கு தொழில் சார்ந்த நோய்களிலும் பயிற்சி வேண்டும். எத்தனை மணி நேரம் சுற்றுகிறார், இருமல் எத்தனை நாளாக இருக்கிறது, கர்ப்பிணியா என்று கேட்கவும், தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்து, அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. நமது உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது நபிகளாரின் போதனை.

எனவே நம் ஜமாஅத்கள் படித்த பெண்பிள்ளைகளை இந்தச் சேவைக்கு ஊக்கப்படுத்த வேண்டும். சுகாதாரத் துறையினரை அழைத்து, பெண்கள் மதரஸாவில் மாதம் ஒருமுறை பரிசோதனை நடத்தலாம். வீட்டிலும் செய்ய வேண்டியவை உண்டு: சமைக்கும் முன், பிள்ளையைத் தூக்கும் முன் சோப்பால் கை கழுவுங்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள். தூளையும் இலையையும் குழந்தை உறங்கும் இடத்தில் வைக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, "நான் பீடி சுற்றுகிறேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். ஹலாலான வருமானம் தேடி குடும்பத்தைத் தாங்குபவர் அதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.

உழைக்கும் நம் தாய்மார்களுக்கு வல்ல அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.